தொண்டை வலியோடு வருபவரைப் பரிசோதிப்பது எப்படி? ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்கு

புறநோயாளிப் பிரிவுக்குத் தொண்டை வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ்தான். ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும், ஆன்டிபயாடிக் உதவாது. ஆனால் அதே வரிசையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடக்கூடிய பள்ளிப் பிள்ளையும் நிற்கலாம். அந்தப் பிள்ளையைத் தவறவிடக் கூடாது.

படி 1: வாயைத் திறக்கச் சொல்லுமுன்

எச்சில் விழுங்க முடியாமல் வடிகிறதா? மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறதா? அப்படியானால் நாக்கைக் குச்சியால் அழுத்தாதீர்கள், மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளலாம். குழந்தையை அம்மா மடியிலேயே உட்காரவைத்து 108ஐ அழையுங்கள்.

வாயைத் திறக்க முடியாமல், ஒரு பக்க டான்சில் வீங்கி உள்நாக்கைத் தள்ளியிருந்தால் சீழ்க்கட்டி. மேல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். சாம்பல் நிறப் படலமும் கழுத்து வீக்கமும் இருந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். படலத்தைச் சுரண்டாமல் அன்றைக்கே அனுப்புங்கள்.

படி 2: கேள்விகள்

இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் இருந்தால் வைரஸ் பக்கம்தான் சாயலாம். தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறாரா, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள். ஆம் என்றால், அந்த மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம்; எண்ணிக்கையை அன்றே பார்க்க வேண்டும்.

படி 3: மதிப்பெண்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க, 1981இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டர் குழுவினர் தந்த முறை இது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, டான்சில் வீக்கம் அல்லது வெண்படிவு, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிப்பது: ஒவ்வொன்றுக்கும் 1. பிறகு சேர்ந்த திருத்தப்படி வயது 3 முதல் 14 என்றால் 1 கூட்டுங்கள். 45 அல்லது மேல் என்றால் 1 கழியுங்கள்.

0, 1 வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம். 2, 3 என்றால், வசதி இருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நோய் தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதால், முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்தைத் தொடங்கலாம். பரிசோதனை வசதியே இல்லாத இடத்தில், 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு 3 வந்தாலே நான் கொடுத்துவிடுவேன்.

படி 4: மருந்து

எல்லோருக்கும் வலிக்குப் பாராசிட்டமால், உப்பு வெந்நீரில் கொப்பளிப்பு. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

ஸ்ட்ரெப் என்று முடிவானால் அமாக்சிசிலின்: கிலோவுக்கு 50 மி.கி., தினம் ஒரு வேளை (அதிகபட்சம் 1000 மி.கி.), 10 நாள். மூன்றாம் நாளே வலி போய்விடும், வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சந்தேகம் இருந்தால் பென்சதீன் பென்சிலின் ஊசி ஒன்றே போதும்: 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். ஊசி ஒவ்வாமல் போனால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அசித்ரோமைசினைப் பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

படி 5: அனுப்புமுன்

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே வரச் சொல்லுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மூட்டுகள் மாறி மாறி வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம், வரவேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.