“விளங்கிச்சோ?” என்றால் “ஓம்” என்றுதான் வரும்: ஒன்லைன் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்லைன் வகுப்பு சரிவராவிட்டால் சிக்னலைக் குறை சொல்வது வன்னியில் வழக்கம். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உட்பக்கங்களில் அது நியாயமான குறைதான். ஆனால் சிக்னலுக்குப் பஞ்சமில்லாத கிளிநொச்சி நகரிலும் வவுனியா நகரிலும் அதே வகுப்பு அதே மாதிரித்தான் சறுக்குகிறது. ஆசிரியரின் குரல் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை விடும் பிழை ஆசிரியரிடம் வருவதில்லை. கோளாறு அங்கேதான்.

வகுப்பறையில் பிள்ளையின் பிழை கேட்காமலே ஆசிரியரிடம் வந்து சேரும். மேசைகளுக்கு நடுவே ஒருக்கால் நடந்தால், பேனையைக் கடித்துக்கொண்டிருப்பவன் யார், பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்ப்பவள் யார், மூன்றாம் வரியில் மறைக்குறியை விட்டது யார் என்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். சூமில் தெரிவது பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள் மட்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவசரத்துக்குப் பழகிய முறை இது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் திரும்பவும் கைகொடுத்தது. இப்போது யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் நடக்கும் க.பொ.த. உயர்தர ரியூசனாக ஊர் ஊராக நிலைத்துவிட்டது. அவசரகாலத்துத் தவறுகளும் அப்படியே கூட வந்துவிட்டன.

“விளங்கிச்சோ பிள்ளையள்?”

இந்தக் கேள்வியைக் கைவிட்டாலே வகுப்பு பாதி திருந்தும். இதற்கு “ஓம் சேர்” என்பதைத் தவிர வேறு பதில் சொல்லத் துணிகிற பிள்ளை குறைவு. விளங்காத பிள்ளைக்குப் பல வேளை தனக்கு விளங்கவில்லை என்பதே தெரியாது. நேரில் என்றால் முகம் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்தச் சாட்சியும் இல்லை.

பதில் எழுதினால் மட்டுமே தப்பக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். உதாரணத்துக்கு, அடைப்பை நீக்குவது பற்றிச் சொல்லி முடித்ததும் “20 − (8 − 3) இதற்கு விடை என்ன?” என்று கேட்கலாம். 15 என்று எழுதியவருக்கு விளங்கியிருக்கிறது. 9 என்று எழுதியவர் அடைப்புக்குள் இருக்கும் இரண்டாம் உறுப்பின் குறியை மாற்றவில்லை. எங்கே பிசகியது என்பது அந்த ஒற்றை எண்ணிலேயே தெரிகிறது. “ஓம்” அதைச் சொல்லாது.

விடையை எல்லோரும் பார்க்கும் சட் (chat) பெட்டியில் போடவிடுவது அடுத்த பிழை. முதல் மூன்று விடைகள் வந்ததும் மற்றவர்கள் அதையே பார்த்து எழுதிவிடுவார்கள். சூமில் சட் பெட்டியில் எழுதுவது வகுப்பை நடத்துபவருக்கு மட்டும் போகும்படி மாற்றிவைக்கலாம். அப்போது கூச்சமுள்ள பிள்ளையும் பிழையான விடையைத் துணிந்து அனுப்பும். வட்ஸ்அப் வாக்கெடுப்பு இதற்கு உதவாது. யார் எதற்கு வாக்களித்தார் என்பது குறூப் முழுவதுக்கும் தெரியும்.

கேட்டதும் தானே பதில் சொல்லிவிடுவது

அறிவியற் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடியளவே பொறுத்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் திறந்தார்கள். அது நேர்முக வகுப்பு. ஒன்லைனில் குரல் போய்ச் சேரும் தாமதம், மைக்கைத் திறக்கும் நேரம், போனைத் தங்கையிடமிருந்து வாங்கும் நேரம் எல்லாம் கூடும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் அந்தரமாக இருக்கும், பிள்ளைக்கு அது யோசிக்கிற நேரம்.

பெயரைக் கடைசியில் சொல்வதும் முக்கியம். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பது பேரும் தப்பினோம் என்று இருந்துவிடுவார்கள். கேள்வி, பத்து விநாடி, பிறகு பெயர். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

கமராவைப் போடு என்று வற்புறுத்துவது

பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க இது தேவை என்பார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பாடம் விளங்கியதா என்று கண்டுபிடிக்கும் வித்தை தபால்முத்திரை அளவு படத்தில் பலிக்காது. செலவும் உண்டு. குரல் மட்டும் என்றால் மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 எம்பி. குரலோடு திரையில் பாடக்குறிப்பைப் பகிர்ந்தால் 100 எம்பிக்குள் பெரும்பாலும் அடங்கும். எல்லோரும் வீடியோ போட்டால் அது பல நூறு எம்பியாகும், ஒரு ஜிபியையும் தாண்டலாம். நாட்கூலிக்குப் போகும் தகப்பன் ரீலோட் போட்ட டேற்றா ஒரு பாடத்தில் தீர்ந்துவிடும். கூரைத் தகரமும் கொடியில் காயும் உடுப்பும் வகுப்பு முழுவதுக்கும் தெரிவதை விரும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை ஒழுக்கக்கேடாக எடுக்கக்கூடாது.

கமரா காட்ட வேண்டியது கொப்பியை. பயிற்சி செய்யும் வேளையில் ஐந்து பிள்ளைகளை மட்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம், போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்துக் கை எழுதுவதைக் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு ஐந்து பேர். மேசைகளுக்கு நடுவே நடப்பதற்கு இதைவிடக் கிட்டிய மாற்று இல்லை. முடிந்த விடையைப் பார்ப்பதும் விடை பிறக்கும் விதத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ‘ழ’ அழகாக இருப்பது படத்தில் தெரியும், அதைக் கீழிருந்து மேலே எழுதியது தெரியாது. கிழமைக்கு ஒருதரம் 15 விநாடி வீடியோ போதும்.

பத்துக் கணக்கை ஒரேயடியாகக் கொடுப்பது

வகுப்பில் இரண்டாவது கணக்கிலேயே பிழையைக் கண்டு “பொறு, இதைப் பார்” என்று நிறுத்திவிடலாம். வட்ஸ்அப்பில் பத்தையும் அனுப்பினால் பிள்ளை பத்தையும் ஒரே பிழையோடு செய்து முடிக்கும். பத்துத் தரம் செய்த பிழை பழக்கமாகிவிடும். பிறகு அதை அழிப்பது புதிதாகப் படிப்பிப்பதைவிடக் கடினம். ஆகவே முதலில் இரண்டு. அதன் விடை வந்து பார்த்தபிறகு மிச்சம் எட்டு. பௌதிகவியலில் விசைப் படத்தை மட்டும் முதலில் வாங்குங்கள். படம் பிழை என்றால் அதன்கீழ் எழுதும் சமன்பாடுகள் எல்லாம் வீண். இரசாயனவியலில் சமன்படுத்திய சமன்பாட்டை வாங்கிய பிறகு மூல் கணக்குக்குப் போகலாம்.

சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது பலருக்கு எரிச்சல். அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: 12 நிமிடம் விளக்கம், 10 நிமிடம் இரண்டு கணக்கு, மிச்சம் முழுவதும் வந்த பிழைகளைத் திரையில் போட்டு, பெயர் சொல்லாமல், பிரித்துப் பார்ப்பது. 40 நிமிடமும் ஆசிரியரே பேசுவதாக இருந்தால் அதற்கு நேரலை தேவையில்லை. பதிவு செய்து அனுப்பினால் டேற்றாவாவது மிஞ்சும்.

எல்லாக் கொப்பியையும் பார்க்க முயன்று, கடைசியில் ஒன்றையும் பார்க்காமல் விடுவது

35 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 105 நிமிடம். ஒரு பாடத்துக்கு, ஒரு நாளைக்கு. முதற்கிழமை இப்படிச் செய்யும் ஆசிரியர் இரண்டாம் கிழமை எல்லாருக்கும் ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பத் தொடங்குவார். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பழைய படத்தையே திரும்ப அனுப்பும் கெட்டித்தனமும் வந்துவிடும்.

வகுப்பை ஏழு ஏழு பேராக ஐந்து குழுவாகப் பிரியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு குழு. அன்றைய ஏழு பேருக்கு மட்டும் ஒரு நிமிடத்துக்குள் குரற்பதிவு. பார்ப்பதும் பேசுவதும் சேர்த்து ஏறக்குறைய 20 நிமிடம். ஒரு நிமிடக் குரற்பதிவு அரை எம்பிகூட வராது; சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலும் போய்ச் சேரும். அதில் மூன்று விடயம் இருந்தால் போதும்: எந்த வரி வரை சரி, எங்கே மாறியது, அந்த இடத்திலிருந்து மட்டும் திரும்பச் செய்து எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும். “கவனமாகச் செய்” என்பது திருத்தமாகாது. எதைக் கவனிப்பது என்று பிள்ளைக்கு அதில் இல்லை.

வருகிற படங்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கவும் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும். இரவில் மின்குமிழுக்குக் கீழே எடுத்தால் கையின் நிழல் விழும். பகலில் வாசலோரம் நிலத்தில் கொப்பியை வைத்து நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். மூலையில் பெயர், திகதி, கணக்கு இலக்கம்.

குறூப்பைப் பூட்டிவிடுவது

ஸ்டிக்கரும் குட்மோர்ணிங்கும் நிறைகிறது என்று நிர்வாகி மட்டும் எழுதும்படி பூட்டிவிடுகிறார்கள். அன்றோடு அது அறிவித்தல் பலகை. பூட்டுவதென்றால் அறிவித்தலுக்கு ஒன்றைப் பூட்டுங்கள், கேள்விக்கு இன்னொன்றைத் திறந்து வையுங்கள். அதில் ஆசிரியர் அரை மணிநேரம் பேசாமல் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் கேள்விக்கு இன்னொரு பிள்ளை பதில் சொல்லும் வாய்ப்பு ஒன்லைனில் ஆசிரியரின் நேரத்தைவிட வேகமாகக் காணாமல் போகிறது.

200 பேர் வகுப்பில் தனியே உட்கார வைப்பது

இணைந்த கணிதத்துக்கோ பௌதிகவியலுக்கோ ஊரில் ஆசிரியர் இல்லை என்பதால் பெருங்கூட்ட ஒன்லைன் ரியூசனில் சேர்க்கிறார்கள். படிப்பிப்பவர் திறமானவராக இருக்கலாம். 200 பேரின் கொப்பியை அவர் பார்க்கப் போவதில்லை. இதைக் காசு கட்டும் பெற்றோர் முதலே விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பு விளக்கத்துக்கு மட்டும். திருத்தத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வழி ஊரிலேயே உண்டு. ஆறேழு பிள்ளைகள் சனசமூக நிலையத்திலோ அறநெறிப் பாடசாலை மண்டபத்திலோ ஒன்றாக இருந்து ஒரே மடிக்கணினியில் பார்க்கட்டும். ஒரு இணைப்பின் டேற்றா, ஏழு பேருக்கு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அண்ணாவோ அக்காவோ கூட இருந்து, 20 நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்தி, ஒரு கணக்கைச் செய்யவைத்து, ஏழு கொப்பியையும் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். நிறுத்த முடியாத நேரலை என்றால் பதிவை எடுத்து மறுநாள் இப்படிப் பார்ப்பது நேரலையைவிடப் பயன்தரும். ரெக்கோர்டிங் இருக்குத்தானே என்று ஒத்திவைக்கும் பிள்ளைக்கும் நாள் குறித்த கூட்டம் ஒரு கடிவாளம்.

நேரம் குறிக்கும்போது வீட்டை மறப்பது

வீட்டில் ஒரு போன், அதுவும் தகப்பனோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். அறுவடைக் காலத்தில் எத்தனை மணிக்கு வீடு திரும்பும் என்று சொல்ல ஏலாது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள் பின்னேரம் 6 மணிக்கே வகுப்பு வைத்தால் இரண்டு பிள்ளைக்கு வகுப்பில்லை. ஒரே பாடசாலை ஆசிரியர்களாவது ஒரு தாளில் நேரத்தை எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம். இன்னொன்று, இதில் விளையாட்டில்லை: சிக்னல் தேடிக் குளக்கட்டுக்கும் காட்டோரத்துக்கும் போகும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் பொழுதுபட்ட பிறகு நேரலை வகுப்பு வைக்கக்கூடாது. யானை நடமாடும் நேரம் அது. அந்தப் பிள்ளைகளுக்குக் குரற்பதிவும் கிழமைக்கு ஒருதரம் ஐந்து நிமிட அழைப்பும் போதும். அழைப்பில் பாடநூலின் ஒரு பந்தியை வாசிக்கவோ, ஒரு கணக்கை எப்படிச் செய்தாய் என்று வாயால் சொல்லவோ கேளுங்கள். யாரோ செய்துகொடுத்த விடையும் இங்கேதான் பிடிபடும்.

பக்கத்தில் இருந்து விடையை எடுத்துக்கொடுக்கும் தாய்மார் உதவி செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆசிரியருக்குப் போய்ச் சேரும் ஒரே தகவலை அது அழித்துவிடுகிறது. “பிழையோடயே அனுப்புங்கோ அம்மா, பிழையைத்தான் நான் பார்க்கவேணும்” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பாடசாலை திறந்ததும் “அது ஒன்லைனில் முடிஞ்சுது” என்பது

வெள்ளத்துக்கோ வேறு எதற்கோ மூடித் திறந்த முதற்கிழமையில் நடக்கும் தவறு இது. பாடத்திட்ட அட்டவணையில் முடிந்திருக்கும். ஒவ்வொரு அலகுக்கும் ஐந்து கேள்வி, புள்ளி இல்லாமல், பெயரோடு எழுதவையுங்கள். திருத்தும்போது எத்தனை பேர் பிழை என்பதைவிட எத்தனை பேர் ஒரே பிழையான விடையை எழுதினார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேருக்கு ஒரே பிழை என்றால் விளக்கம்தான் பிசகியிருக்கிறது, அந்த இடத்தை எல்லோருக்கும் திரும்பப் படிப்பிக்க வேண்டும். பத்துப் பேருக்குப் பத்து விதமான பிழை என்றால் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு மேசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்குங்கள்.