வீட்டிலேயே பிரேக் ஆயில் மாற்றலாம்: முதல் முறை செய்பவர்களுக்கு

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதி வழியில் என் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. வண்டி நின்றது, ஆனால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி கெட்டியானது. பிரேக் பேட் புதுசு. நான்கு வருஷமாக மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில்தான் காரணம்.

ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 (டப்பாவில் DOT 4 என்று இருக்கும்) வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்தத் தண்ணீர் ஆவியாகிக் குமிழி கட்டும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற பலம் சக்கரத்துக்குப் போகாமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் பல கார்களுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

வாங்க வேண்டியது: ரிசர்வாயர் (பானட்டுக்குள் பிரேக் ஆயில் இருக்கும் சிறு தொட்டி) மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதே வகை, சீல் உடைக்காத 1 லிட்டர். டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது. நிப்பிளுக்கு (சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) பொருந்தும் ரிங் ஸ்பேனர் (8 அல்லது 10 பெரும்பாலும் சரியாக இருக்கும்), நிப்பிளில் இறுக்கமாக நிற்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றரை அடி, காலி தண்ணீர் பாட்டில், ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பெடல் மிதிக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவது.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ரிசர்வாயரைத் துடைத்துவிட்டுத் திறந்து, பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். அடிவரை வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும். பிறகு மேக்ஸ் கோடு வரை புதியதை ஊற்றுங்கள். பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எந்தச் சக்கரம் முதலில்? மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி) தூரமானது. நம் ஊர்க் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வழக்கம். சில கார்களுக்கு வரிசை மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினால் நிப்பிள் தெரியும். டிரம் பிரேக் என்றால் டிரம்மின் பின்புறத் தகட்டில் இருக்கும். ரப்பர் மூடியை எடுத்து, முதலில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் டியூபைச் செருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். நிப்பிள் அசையவில்லையா? துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். பலத்தைக் காட்டினால் நிப்பிள் உள்ளேயே முறியும்.

இனிமேல் இரண்டு பேர் வேலை. என் தங்கை உள்ளே உட்கார்ந்தாள். பெடல் அடிவரை போய் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கெட்டுவிடாமல் இருக்க, பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தோம்.

“மிதி.”

“மிதிச்சாச்சு அண்ணே.”

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். “போகுது, கீழே போயிருச்சு” என்றாள். மூடினேன். அதன்பிறகுதான் “விடு” என்றேன். முழு வேலைக்கும் உயிர் இந்த வரிசைதான். நிப்பிள் திறந்திருக்கும்போது அவள் காலை எடுத்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். அதனால் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

டியூபைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் கடுங்காப்பி நிறம், நடுவே ஊசிமுனை அளவு குமிழிகள், அப்புறம் மெல்ல இளந்தேன் நிறம். குமிழி நின்று, நிறமும் தெளிந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரில் ஊற்றுங்கள். அது காலியானால் காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் உள்ள காரில் அந்தக் காற்றை எடுக்க ஸ்கேனர் கருவி தேவைப்படலாம். நிப்பிள் சின்னது, கசியாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

நான்கும் முடிந்ததும் மேக்ஸ் கோடு வரை நிரப்பி மூடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு அரை நிமிஷம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, பஞ்சாக இருந்தால் காற்று இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் வண்டியை எடுக்காதீர்கள். சரியாக இருந்தால் தெருவுக்குள் நடை வேகத்தில் நாலு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, நிப்பிள்களில் ஈரம் தெரிகிறதா என்று மறுபடி தொட்டுப் பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மிச்சமிருக்கும் புது ஆயிலையும் அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், சீல் உடைத்த நாளிலிருந்தே அது ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும்.