கோவைப் பீடபூமியைப் பார்க்கப் பழகுவது எப்படி?

பீடபூமி என்றால் மேசை மாதிரி என்று பல வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேசையா இருந்தா நொய்யல் ஆறு எப்படி டீச்சர் ஓடும்?" அதற்கப்புறம் மேசையைச் சாய்த்துத்தான் வரைகிறேன். நீங்களும் சாய்விலிருந்தே தொடங்குங்கள்.

செல்போனில் உயரம் காட்டும் செயலி ஒன்று போதும். பத்து இருபது மீட்டர் பிசகினால் பரவாயில்லை. கோவையில் 410 மீட்டர் அளவில் காட்டும், திருப்பூரில் 300, கரூரில் 120. வழியில் எங்கேயும் இறங்குகிற மாதிரியே தெரியாது. ஆனால் வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் கிழக்கே போய்க் காவிரியில் சேர்வது இந்தச் சாய்வால்தான்.

அடுத்தது காற்று. இதற்கு ஆடி மாதம்தான் வர வேண்டும். பல்லடம் அல்லது உடுமலைப் பக்கம் வெட்டவெளியில் மேற்கே பார்த்து நில்லுங்கள். வலது கைப்பக்கம் தூரத்தில் நீலகிரி, இடது கைப்பக்கம் ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்கே கொட்டிவிட்டு, அந்த இடுக்கில் புகுந்து வேகம் பிடித்து இங்கே வருகிறது. காற்றாலைகள் எல்லாம் அந்த மாதம் மேற்கைப் பார்த்தே நிற்கும். மேகம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும், நின்று பெய்யாது. குடை கொண்டுபோகாதீர்கள், என்னுடையது ஒன்று யார் காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ!

மழைக்கு ஐப்பசி. வருடத்துக்கு 650 மில்லிமீட்டர் சுமாருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போங்கள். முதலில் அடர்ந்த தென்னந்தோப்பு. பிறகு தோப்பு விட்டு விட்டு வரும். அதற்கப்புறம் வறண்ட மேட்டாங்காடு. காங்கேயம் பக்கம் திரும்பினால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடு. உழுது பயிர் வைத்தால் மழை ஏமாற்றிவிடும், புல்லாக விட்டால் மாடாவது பிழைக்கும் என்று கண்டுகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எங்காவது இறங்கி மண்ணையும் கிளறிப் பாருங்கள். செம்மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடைக்கும். சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும் அளவுக்கு மழை இல்லை. வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு அங்கேயே கட்டியாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. கோவையின் குளுமைக்கு உயரம்தான் காரணம் என்பார்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அப்படியானால் 410 மீட்டருக்கு மூன்று டிகிரி கூட இல்லை. மிச்சம் பெரும்பாலும் கணவாய்க் காற்றின் உபயம். சந்தேகமிருந்தால் சித்திரையில், காற்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் வந்து பாருங்கள். துண்டு ஒன்று கையோடு இருக்கட்டும், வேர்த்துக் கொட்டும்.