பிள்ளைக்குச் சுகமில்லை: வீட்டில் வைத்துப் பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா?

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் வீட்டில் எல்லாரும் வெப்பமானியைத்தான் தேடுவோம். எண் ஏற ஏறப் பயமும் ஏறும். ஆனால் 103 பரனைற் காட்டிய பிள்ளை பனடோல் பாணி குடித்து, சூடு கொஞ்சம் இறங்கியதும் எழும்பி விளையாட்டுச் சாமானைத் தேடினால் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். 100 மட்டும் காட்டிய பிள்ளை கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தால் அந்த நிமிடமே வெளிக்கிட வேண்டும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு பிள்ளையிடம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கொழும்பில் முதல் பிள்ளையை வளர்ப்பவர்களை நினைத்து எழுதுகிறேன்.

1. காத்திருக்கக் கூடாதவை

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். பனடோல் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். அந்த வயதில் கடும் கிருமித் தொற்றுக்கூட வெளியே அதிகம் தெரியாது. உடம்பு வழக்கத்துக்கு மாறாகச் சில்லென்று போனாலும் அதே அவசரம்தான்.

மற்றப் பிள்ளைகளிலும் சில அறிகுறிகள் உண்டு. பால், தண்ணீர் எதுவும் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் சத்தியாக வருவது, வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு, உதடோ நாக்கோ நீலமாவது, கழுத்து விறைப்பு, கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். இதில் ஒன்று இருந்தாலே போதும். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதாலோ வாயில் கரண்டி வைப்பதாலோ வலிப்பு நிற்காது. கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைக்கும். வலிப்பு நின்று பிள்ளை தெளிந்துவிட்டாலும் அன்றே டொக்டர் பார்க்க வேண்டும்.

2. மூச்சை எண்ணுங்கள்

பிள்ளை தூங்கும்போது, அல்லது அழாமல் மடியில் இருக்கும்போது, சட்டையை நெஞ்சு வரை உயர்த்துங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் மூச்சு விட்டுவிட்டு வேகம் மாறும், முழு நிமிடமும் எண்ணினால்தான் சரி.

இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் வேகமான மூச்சு. இருமலோடு இது இருந்தால் நியுமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே போங்கள்.

3. சலம் போகிறதா?

வயிற்றோட்டம், சத்தி, காய்ச்சல் எல்லாவற்றிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, வாய் காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்ளே போயிருக்கிறது என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. சின்னக் குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாவதும் அதன் அடையாளம். வயிற்றோட்டம் தொடங்கியதுமே ஜீவனியை, அதாவது உடம்பில் நீர் வற்றாமல் இருக்கக் கொடுக்கும் உப்பு-சீனித் தூளை, பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால் டொக்டரிடம்.

4. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவும் நினைவில் இருக்கட்டும்

கொட்டாஞ்சேனையோ வெள்ளவத்தையோ, மழை விட்ட பிறகு பூச்சாடித் தட்டிலும் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியிலும் நுளம்பு பெருகும். டெங்குவில் பலர் ஏமாறுவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உடம்பு குளிர்ந்ததும், அப்பாடா என்று பிள்ளையைக் குளிக்கவார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தம் செய்வார்கள். ஆனால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிள்ளை ஆபத்தில் விழுவது அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான்.

காய்ச்சல் விட்டபின் பிள்ளை உண்மையிலேயே தெளிந்து, பசி எடுத்துச் சாப்பிட்டால் நல்லது. காய்ச்சல் இல்லை, ஆனால் வயிற்றுவலி, தொடர்ந்து சத்தி, கை கால் சில்லிட்டு வேர்ப்பது, சலம் குறைவது, மூக்கிலோ முரசிலோ இரத்தம், கறுப்பாக மலம், வழக்கமில்லாத சிணுங்கல் அல்லது தூக்கம் என்றால் அந்த இரவே போங்கள். விரல் நுனியை ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப இரண்டு செக்கனுக்கு மேல் எடுத்தால் அதுவும் கெட்ட அறிகுறி.

காய்ச்சல் மூன்றாம் நாளுக்கு வந்தால் டொக்டரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை, அதுதான் எல்லாரும் சொல்லும் எஃப்.பி.சி., செய்வியுங்கள். முதல் நாள் ரிப்போர்ட் நல்லதாக இருந்தால் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

மருந்து பரசிட்டமோல் (பனடோல்) மட்டும். நிறைக்குத்தான் அளவு, வயதுக்கு இல்லை: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐபுபுரூபன், டைக்ளோபெனக், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் எதையும் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம், டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். குடிக்கக் கஞ்சி, இளநீர், ஜீவனி, பால் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தியில் வருவது இரத்தமா பானமா என்று குழப்பம் வரும்.

5. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், கொடுத்த மருந்தும் அளவும், கடைசியாகச் சலம் போன நேரம், எத்தனை சத்தி, குடித்தது எவ்வளவு. சிங்களம் தடுமாறும் வீடுகளுக்கு இந்தத் தாள் பெரிய உதவி, நேரமும் எண்ணும் பார்த்ததும் விளங்கும். கிளினிக் புத்தகத்தையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து எடுங்கள்.

பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். தெற்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. எங்கே போனாலும், மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினால், எதைக் கண்டால் திரும்பி வரவேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு அதே தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று தெரிந்தால், காலையில்தான் காட்டினோம் என்று பார்க்காமல் மறுபடி போங்கள்.