நீஸ் பக்கம் போகிறவர்களுக்கு: தயவுசெய்து கார் எடுக்காதீர்கள்

போன வாரம் சித்தப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து ஓர் எக்செல் ஷீட் அனுப்பினான். ஜூலையில் குடும்பத்தோடு ஏழு நாள், பிரான்ஸின் தெற்குக் கடற்கரை. நீஸ், ஆந்திப், கான், சான் த்ரோபே, ஏஸ், மொனாக்கோ, மொந்தோன், கடைசி வரியில் "முடிந்தால் மிலான்". ஒவ்வொரு ஊருக்கும் எதிரே கிலோமீட்டர், பக்கத்தில் நிமிடம், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் "செல்ஃப் டிரைவ், 7 நாள்". கீழே, "பார்த்துச் சொல்லுண்ணே, எல்லாம் ஒரு மணி நேரத் தூரம்தானே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016-ல் நான் முதல்முறை போனபோது போட்ட ஷீட்டும் அச்சு அசலாக இதுதான். மிலானுக்குப் பதிலாக ஜெனோவா என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் லியோனில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடற்கரைக்கு இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் முதல் இரண்டு முறையும் சொதப்பல். விசா, இன்சூரன்ஸ், சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், அதைத் தொடப்போவதில்லை. நான் காசையும் நாளையும் தொலைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏழு நாளுக்கும் கார் எடுப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஏன் கார் எடுக்கிறோம் என்பது புரிகிறது. குழந்தை இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள், பெட்டி இருக்கிறது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அந்த "நினைத்த இடத்தில் நிறுத்தலாம்" என்பதில்தான் நான் ஏமாந்தேன். நீஸுக்குக் கிழக்கே ஆல்ப்ஸ் மலை கிட்டத்தட்ட நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. ஊர்களெல்லாம் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. நீஸிலிருந்து மொந்தோன் வரை மலையை வெட்டி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலைகள்: கீழ், நடு, மேல் கோர்னீஷ். மேலே இருப்பது நெப்போலியன் காலத்தில் போட்டது. மூன்றுமே அழகு, சந்தேகமில்லை, ஆனால் ஓட்டுகிறவனுக்கு அந்த அழகில் பங்கு கிடையாது. வளைவு, எதிரே பஸ், பின்னால் ஹாரன் அடிக்கும் உள்ளூர்க்காரன். அன்று நான் மத்திய தரைக்கடலைப் பார்த்தது மொத்தமாக நாலைந்து நொடி இருக்கும். பின்சீட்டில் இருந்தவர்கள் "ஐயோ பாருங்களேன்" என்று சொல்லச் சொல்ல நான் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுவதாவது பரவாயில்லை, நிறுத்துவதுதான் கொடுமை. பழைய நீஸ் முழுக்கச் சந்துகள், நடக்கத்தான் முடியும். நான் தங்கிய இடத்தில் பார்க்கிங் இல்லை, பக்கத்துத் தரைக்கீழ்க் காரேஜில் ஒரு நாளைக்கு 28 யூரோ கொடுத்தேன். ஏழு நாளில் நான்கு நாள் அந்தக் கார் வெளியே வரவே இல்லை. வாடகை ஒரு பக்கம் ஓடுகிறது, வண்டி தூங்குவதற்கு இன்னொரு பக்கம் ஓடுகிறது. மிச்ச மூன்று நாளில் ஒன்று சான் த்ரோபே. வரைபடம் ஒன்றரை மணி நேரம் என்றது, போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது. அது ஒரு தீபகற்பத்தின் முனையில் இருக்கிற ஊர், உள்ளே போக உருப்படியாக ஒரே ஒரு சாலை, கோடையில் அந்தச் சாலையில் கார்கள் ஓடுவதில்லை, நிற்கின்றன. ரயில் நிலையமும் கிடையாது. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், துறைமுகத்தில் நின்ற பணக்காரர்களின் படகுகளைப் பார்த்தோம், திரும்ப வரும் நெரிசலை நினைத்துப் பயந்து உடனே கிளம்பிவிட்டோம். அங்கே போயே ஆகவேண்டும் என்றால் சான் ரஃபாயேல் வரை ரயில், அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். எதிர்க்கரையில் இருக்கிற செந்த் மாக்ஸீமில் ஏறினால் கால் மணி நேரம்தான். அந்தச் சாலையில் நிற்பவர்களைத் தண்ணீரிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம், நான் இரண்டாம் முறை அப்படித்தான் போனேன்.

இன்னும் முடியவில்லை. அதே பயணத்தில் எல்லை தாண்டி ஓர் இத்தாலிய ஊருக்குப் போனோம். எல்லையில் பாஸ்போர்ட்கூடக் கேட்கவில்லை, ரொம்பச் சந்தோஷம். நேவிகேஷன் பழைய ஊருக்குள் திருப்பச் சொன்னது, திருப்பினேன். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிகளில் அனுமதி வாங்கிய வண்டிகள்தான் நுழையலாம், வெள்ளைப் பலகையில் சிவப்பு வளையம் இருக்கும், கீழே 'சோனா திராஃபிகோ லிமிதாத்தோ' என்று எழுதியிருக்கும். தடுப்புக் கம்பி கிடையாது, போலீஸ்காரர் கிடையாது, ஒரு கேமரா மட்டும். வழி தெரியாமல் சுற்றி அதே கேமராவைத் தாண்டி இரண்டு முறை போயிருக்கிறேன், ஆகவே இரண்டு அபராதம். அபராதத்துக்கு முன்பே வாடகை நிறுவனம் என் முகவரியைக் கொடுத்ததற்காக, ஆமாம், முகவரியைக் கொடுத்ததற்காக, என் கார்டில் தலா 45 யூரோ எடுத்திருந்தது. சின்ன எழுத்தில் எல்லாம் இருக்கிறதாம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வாடகை, காரேஜ், டோல், பெட்ரோல், அபராதம் சேர்த்து தொள்ளாயிரம் யூரோவுக்கு மேல். நாங்கள் பார்த்த ஊர்களில் சான் த்ரோபேயைத் தவிர ஒவ்வொன்றிலும் ரயில் நின்று போகிறது.

இந்த ரயில்தான் விஷயமே. டிஇஆர் என்று எழுதிய சாதாரண பாசெஞ்சர் வண்டி. கடலை ஒட்டியே போகிறது, சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் ஜன்னல் நிறைய நீலம். நீஸிலிருந்து வில்பிரான்ஷ் ஏழெட்டு நிமிடம், மொனாக்கோ ஏறத்தாழ 25 நிமிடம், மொந்தோன் முக்கால் மணி நேரத்துக்குள். மேற்கே ஆந்திப், கான் எல்லாமும் இதே தடத்தில்தான். கிழக்கு ஊர்களுக்கு வலது பக்கம் உட்காருங்கள். கோடையில் கூட்டம் பிதுங்கும், பர்ஸை முன்பையில் வையுங்கள், சரி, அது நம் ஊர் பஸ்ஸிலும் செய்வதுதானே. விமான நிலையத்திலிருந்துகூட இரண்டாம் எண் டிராம் நேராக ஊருக்குள் வந்து துறைமுகம் வரை போகிறது, டாக்ஸி தேவையில்லை.

கார் வேண்டவே வேண்டாமா என்றால், உள்நாட்டுக்கு வேண்டும். வெர்தோன் பள்ளத்தாக்கு, செந்த் க்ருவா ஏரி, வலோன்சோல் மேட்டில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை பூக்கும் லாவெண்டர், இதெல்லாம் ரயிலில் நடக்காது. அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் எடுங்கள். ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டி, அதுவும் வலது கையால் கியர். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ளும் பேச்செல்லாம் அங்கே செல்லாது.

ஏஸ் ஸ்டேஷனில் இறங்கிவிட்டு ஏஸ் ஊரைத் தேடுவது

இது இரண்டாம் பயணத்துச் சொதப்பல். கார் வேண்டாம் என்று ஞானம் வந்து, ரயிலில் ஏறி, 'ஏஸ்' என்று போட்ட ஸ்டேஷனில் இறங்கினேன். படத்தில் பார்த்த கல் வீடுகளும் கள்ளிச்செடித் தோட்டமும் எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்த்தால் அது வானத்தில் இருக்கிறது. ஸ்டேஷன் கடல் மட்டத்தில், ஊர் 429 மீட்டர் உயரத்தில். நடுவே நீட்ஷே பெயரில் ஒரு மலைப்பாதை, அந்தத் தத்துவ மேதை அதில் நடந்துகொண்டே யோசித்தாராம். என்னோடு வந்தது முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் மாமியார். மேலே போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "வண்டி எடுத்திருக்கலாமே மாப்பிள்ளை" என்று அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

நீஸிலிருந்தே நேராக ஏஸ் ஊருக்குப் பஸ் இருக்கிறது, காலையிலேயே அதில் போங்கள். முட்டி நன்றாக இருந்தால் திரும்பும்போது அந்தப் பாதையில் இறங்கிக் கீழே ரயில் பிடிக்கலாம். மதிய வெயிலில் ஏறுவது மட்டும் வேண்டாம், நிழல் குறைவு.

கிழமை பார்க்காமல் போவது

நீஸில் மத்தீஸ், ஷகால் இரண்டு ஓவியர்களின் அருங்காட்சியகமும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆந்திப்பில் பிக்காஸோவுக்குத் திங்கள் விடுமுறை. நீஸின் கூர் சலேயாவில் பூவும் காய்கறியும் விற்கிற சந்தை திங்களன்று இருக்காது, அன்று பழம்பொருள் வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நாளிலும் காய்கறிக்காரர்கள் மதியத்தோடு கடை கட்டிவிடுவார்கள்.

மொனாக்கோ கார் பந்தய வாரத்தில் அறை தேடுவது

2025 வரை மே கடைசி, 2026-லிருந்து ஜூன் தொடக்கம். விலையைப் பார்த்தாலே புரியும்.

நீஸில் மணலை எதிர்பார்ப்பது

கூழாங்கல்தான். ரப்பர் செருப்பு வாங்குங்கள். மணல் வேண்டுமா, வில்பிரான்ஷ் போங்கள்.

"மீன் இல்லை" என்று சொன்னதை நம்புவது

சைவக்காரர்களுக்கு இது முக்கியம். நீஸ் சாலட், பான் பான்யா என்கிற வட்ட ரொட்டி, பிஸலாதியேர் என்கிற வெங்காய ரொட்டி, மூன்றிலும் நெத்திலி போல ஒன்று ஒளிந்திருக்கும். அது அன்ஷுவா. கடைக்காரர் மனதில் அது மீன் கணக்கிலேயே வராது, உப்பு மாதிரி ஒரு சுவைப் பொருள். ஆகவே மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், "அன்ஷுவா" என்று பெயர் சொல்லியும் கேளுங்கள். பயமில்லாமல் சாப்பிட சொக்கா இருக்கிறது: கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு, பெரிய தட்டில் விறகு அடுப்பில் சுடுகிற அடை. மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவச் சொல்லுங்கள். ஆறினால் ரப்பர். அப்புறம், மதியச் சாப்பாடு என்றால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். மூன்று மணிக்குப் பசித்தால் பல இடங்களில் காபிதான் கிடைக்கும்.

ஒரே நாளில் கிழக்கும் மேற்கும்

வேண்டாம். ஒரு திசை, இரண்டு ஊர், போதும்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வென்டிமிலியா போவது

வெள்ளிக்கிழமைச் சந்தைக்காக நிறையப் பேர் ரயிலில் எல்லை தாண்டி இந்த இத்தாலிய ஊருக்குப் போகிறார்கள். போகும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. திரும்பும்போது பிரான்சின் முதல் ஸ்டேஷனான மொந்தோன் கரவானில் போலீஸ் ரயிலுக்குள் ஏறும், 2015-லிருந்து இப்படித்தான். எல்லோரிடமும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது, நம் நிறத்தில் இருப்பவர்களிடம் கேட்காமல் போனதை நான் பார்த்ததில்லை. போனில் இருக்கிற போட்டோவைக் காட்டிய என் நண்பனைக் கீழே இறக்கினார்கள், நாங்களும் கூடவே இறங்கினோம், கையில் ஒரு பை நிறைய சீஸ். அவன் மனைவி நீஸில் ஹோட்டலுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அது பாதி உருகிவிட்டது.