லாச்சியில் தூங்கும் குத்திக்காசைத் தாள்காசாக்குவது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் மிச்சம் மூன்று ரூபா தரச் சில்லறை இல்லை என்கிறார். கடையில் இரண்டு ரூபாவுக்குப் பதிலாக டொபி ஒன்றை நீட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து அலுமாரி லாச்சியைத் திறந்தாலோ, மேசைமேல் இருக்கும் ஹோர்லிக்ஸ் போத்தலைப் பார்த்தாலோ அங்கே ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபா என்று குத்திக்காசு நிரம்பிக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நான் போய்ப் பழகும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். வெளியே தட்டுப்பாடு, வீட்டுக்குள்ளே குவியல். அந்தக் குவியலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் அதை வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலையத் தேவையே இல்லை, வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். பிரிக்காத காசு எல்லோருக்கும் தொல்லை, பிரித்து எண்ணிக் கட்டிய காசு எந்தக் கடைக்காரருக்கும் உதவி. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

முதலாவது: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

லாச்சி, கைப்பை அடி, கார் டேஷ்போர்ட், பிள்ளையின் உண்டியல் (பிள்ளையிடம் கேட்டுவிட்டு), பழைய ஹேண்ட்பேக், சாமி அறைத் தட்டு, எல்லாம் ஒரே நாளில் வெளியே வரட்டும். ஒரு பழைய பெட்ஷீட்டை நிலத்தில் விரித்து அதில் கொட்டுங்கள், மேசையில் கொட்டினால் உருண்டு ஓடி சோபாவுக்கு அடியில் போய்விடும். பக்கத்தில் நாலைந்து யோகட் கப் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம் ஒட்டிய காசு இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். புளி, எலுமிச்சம்பழம், அசிட் எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். செலவு செய்யப் போகும் காசுக்கு அந்தப் பளபளப்பு தேவையில்லை, அதோடு இரும்புக்குமேல் மெல்லிய பூச்சுப் போட்ட குத்திகளில் பூச்சு கழன்றால் துருப்பிடித்துவிடும்.

இரண்டாவது: பிரிப்பது, இதில்தான் பொறுமை வேண்டும்

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் கையில் இப்போது புழங்குவது ஒரே தொடர் நாணயம் இல்லை. 1972இல் நாடு குடியரசான பிறகு வந்த பெரிய வெள்ளை ஒரு ரூபா இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 1984இல் வந்த தடிப்பான, அகலமான இரண்டு ரூபாவும், மஞ்சள் நிற ஐந்து ரூபாவும் இருக்கின்றன. 2005இல் ஒரு ரூபா சின்னதாகி மஞ்சளானது. பிறகு 2017இல் 1, 2, 5, 10 எல்லாவற்றையும் துருப்பிடிக்காத உருக்கில் அடித்தார்கள், அதனால் எல்லாமே வெள்ளி நிறமாகிவிட்டது. ஆகவே நிறத்தைப் பார்த்துப் பிரித்தால் நிச்சயம் பிழைக்கும். பழைய ஒரு ரூபாவும் பிந்தி வந்த இரண்டு ரூபாவும் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். வயது போனவர்கள் கடையில் ஐந்தென்று நினைத்து இரண்டைக் கொடுத்துவிட்டு வாக்குவாதப்படுவதற்கும் இதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே எப்போதும் இலக்கத்தைப் பார்த்தே பிரியுங்கள். முதலில் 10 ரூபாவை எடுத்துவிடுங்கள், அது பெரிது, வட்டமாக இல்லாமல் பதினொரு பக்கம் கொண்டது, விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். 20 ரூபா குத்தி ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் தனியாக வையுங்கள். அப்புறம் 5. கடைசியாக 1, 2 இரண்டையும் நல்ல வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் இருந்து பிரியுங்கள். ஒரு ஆள் பிரிக்க, இன்னொரு ஆள் கப்பில் இருப்பதைத் திரும்பப் பார்த்தால் வேலை சுத்தமாக முடியும். பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்குப் பாடம், அவர்களைக் கூப்பிடுங்கள்.

பிரிக்கும்போதே சதக்காசையும் வெளிநாட்டுக் காசையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: நூறு ரூபாக் கட்டு

இதுதான் முழு வித்தையும். 10 ரூபாவில் 10, 5 ரூபாவில் 20, 2 ரூபாவில் 50, இவை ஒவ்வொன்றும் நூறு. ஒரு ரூபாவை மட்டும் 50 ஐம்பதாகக் கட்டுங்கள், நூறாகக் கட்டினால் பொதி பெரிதாகி வாங்குபவருக்கு எண்ணவே அலுப்பு வரும்.

எண்ணுவதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே தொடரைச் சேர்ந்த குத்திகளில் பத்தை எண்ணி ஒரு அடுக்காக வையுங்கள். அதன் பக்கத்தில் மற்ற அடுக்குகளை அதே உயரத்துக்கு வைத்துக்கொண்டு போங்கள், அடிமட்டத்தை மேலே படுக்க வைத்தால் ஒரு குத்தி கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். பழைய தடிப்பான குத்தியையும் புதியதையும் கலந்து அடுக்கினால் இது சரிவராது, ஒரே மாதிரியானவற்றை மட்டும் சேருங்கள். காசு மிக அதிகமாக இருந்தால் சமையலறைத் தராசும் உதவும்: ஒரே மாதிரியான இருபது குத்தியை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டால் மிச்சத்தை அந்தக் கணக்கிலேயே அளந்துவிடலாம்.

பத்திரிகைத் தாளில் உருளையாகச் சுற்றுவது பழைய முறை. எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரித்தே ஆக வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தருவது போன்ற சின்ன ஒட்டும் பிளாஸ்டிக் பைகள் புறக்கோட்டையில் கட்டாக மலிவாகக் கிடைக்கும், அதில் போட்டு வெளியே பேனாவால் “5 x 20 = 100” என்று எழுதிவிடுங்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் நம்பிக்கை வரும். ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம், கடைக்காரர் அவசரத்தில் பிரிக்கும்போது விரலில் குத்தும்.

நாலாவது: யாரிடம் கொண்டுபோவது

முதல் தெரிவு உங்கள் தெருமுனைக் கடைதான். பேக்கரி, தேத்தண்ணிக் கடை, சைவக்கடை, மருந்துக்கடை, இவர்களுக்குத்தான் நாள் முழுக்கச் சில்லறை வேண்டும். நேரம் பார்த்துப் போவது முக்கியம். காலையில் பாண் வாங்க வரிசை நிற்கும்போது போய் மூட்டையை வைத்தால் யாருக்கும் கோபம் வரும். பதினொரு மணியளவில், அல்லது பின்னேரம் மூன்று மணிக்கு, கடை ஓய்ந்திருக்கும்போது போங்கள். “அண்ணா, சில்லறை கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறேன், ஆயிரம் ரூபாவுக்கு இருக்கு, தேவைப்படுமா?” என்று கேட்டால் போதும். சிங்களக் கடை என்றால் “முதலாளி, மாரு சல்லி ஓனெத?” என்று கேளுங்கள், முகம் மலரும். ஒரே தடவையில் ஐயாயிரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அவரால் அவ்வளவையும் தள்ள முடியாது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அளவாக வெவ்வேறு கடைக்குக் கொடுங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஒரு பையைப் பிரித்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அது சந்தேகமில்லை, இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. இன்னொன்று, மாற்றித் தருவதற்குக் கழிவு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். நூறுக்கு நூறு தருகிற கடை அடுத்த தெருவிலேயே இருக்கும்.

அடுத்தது பஸ். ஓடும் பஸ்ஸில் இதைச் செய்ய முடியாது. 100, 101 மாதிரியான காலி வீதி பஸ்கள் புறக்கோட்டையில் ஆள் சேரும் வரை நிற்கும்போது கொண்டக்டரிடம் கேட்டால் அவர் சந்தோசமாக வாங்குவார். பஸ் கட்டணத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். 2024 ஒக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 28இல் இருந்து 27 ரூபாவானது. அப்படியொரு கட்டணத்துக்கு எல்லோரும் முப்பதை நீட்டினால் ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று ரூபா மிச்சம் தேட வேண்டும், அவ்வளவு ஒரு ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் அவர் எங்கே போவார்? அவருக்கு 1, 2 பொதிகளைக் கொடுங்கள், 10 ரூபாவைக் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி மூன்றாவதுதான். மாற்றித் தரச் சொல்லிப் போவதைவிட, கணக்கில் வைப்புச் செய்யப் போவது நல்லது, அதுவும் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே போங்கள். காசு எண்ணுவது அங்கேயும் ஒரு மனிதரின் நேரம், அதனால் சம்பள நாட்களான 25ஆம் திகதியை ஒட்டியும், நீண்ட விடுமுறைக்கு முதல் நாளும் போக வேண்டாம். முதலே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இல்லை. ஒரு கிளையில் முகாமையாளரைப் பார்க்கச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள், இன்னொரு கிளையில் கட்டுகளைப் பார்த்ததும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

வீட்டில் பிள்ளை இருந்தால் வழி இன்னும் இலகு. இலங்கை வங்கியின் ரன் கெக்குளு, தேசிய சேமிப்பு வங்கியின் ஹப்பன், ஹட்டன் நஷனல் வங்கியின் சிங்கிதி என்று சிறுவர் கணக்குகள் இருக்கின்றன, உண்டியல் காசைப் போட இவை தோதானவை. பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். தான் எண்ணிய காசு புத்தகத்தில் இலக்கமாக ஏறுவதை அது பார்க்கட்டும்.

கோயில், தேவாலய உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். போடுவதென்றால் சதக்காசையும் செல்லாத காசையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அதைப் பிரிக்கப் போகிறவர்களும் மனிதர்கள்தான்.

ஐந்தாவது: மாற்றாமலே செலவழிப்பது

எண்ணிக் கட்ட நேரமில்லாதவர்களுக்கு இது. தினமும் காலையில் வெளியே போகும்போது ஒரு குறிப்பிட்ட தொகையை, சொல்லப்போனால் அன்றைய பஸ் காசு அளவுக்கு, சில்லறையாகவே எடுத்துச் செல்லுங்கள். சட்டைப் பையில் போடாமல் சின்ன சிப் வைத்த பர்ஸில் வையுங்கள். பஸ் ஏறுவதற்கு முன் கட்டணத்தைக் கையில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், நெரிசலில் நின்றுகொண்டு பர்ஸுக்குள் துழாவினால் எதுவும் நடக்காது. சில்லறை சரியாகக் கொடுப்பவரை கொண்டக்டர் மறக்க மாட்டார்.

சுப்பர்மார்க்கெட்டில் பில் 1,487 என்று வந்தால் 1,500ஐ நீட்டாமல் 1,507 கொடுங்கள், இருபது ரூபா ஒரே தாளாகத் திரும்பி வரும். 1,432 என்றால் 1,502, எழுபது வரும். முதலில் கொஞ்சம் மூளைக்கு வேலை, பழகிவிட்டால் கை தானாகப் போகும். ஓட்டோவிலும் இதே மாதிரிதான், மீட்டரோ ஃபோன் செயலியோ 340 காட்டினால் 300ஐத் தாளாகவும் மிச்சம் 40ஐக் குத்தியாகவும் கொடுத்தால் “சில்லறை இல்லை” என்ற பேச்சே எழாது.

கடைக்காரர் ஒரு ரூபா, இரண்டு ரூபாவை வாங்க மாட்டேன் என்றால் அமைதியாகச் சொல்லுங்கள், அது மத்திய வங்கி வெளியிட்ட, சட்டப்படி செல்லுபடியாகும் காசு. ஆனால் நாற்பது குத்தியை ஒரே தடவையில் கொட்டி அவரைச் சோதிக்க வேண்டாம். அதேபோல டொபி தந்தால் “எனக்குக் காசே தாங்க” என்று கேட்க உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

ஒதுக்கி வைத்தவை

25, 50 சதங்களை இப்போது கடையில் யாரும் வாங்குவதில்லை. ஆனால் எறிவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நாலு மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், விளிம்பு பூ இதழ் போல இருக்கும் பத்து சதம், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட குத்தி, இவை அம்மம்மா வீட்டு டின்னில் இருந்து வந்திருக்கலாம். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்காவின் மகன் இப்படிப் பொறுக்கியதையே ஒரு அல்பமாக ஆக்கி வைத்திருக்கிறான். 2013 என்று பொறித்த பத்து ரூபாக்களையும் கவனியுங்கள், 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வேறு வேறு படம் பொறித்து அடித்தவை அவை. முழுத் தொகுதியையும் சேர்க்க முயல்வது நல்ல பொழுதுபோக்கு, சேர்க்க விருப்பமில்லை என்றால் மற்ற பத்து ரூபாவைப் போலவே செலவழிக்கலாம். இவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று முகநூலில் வரும் விளம்பரங்களை நம்பி யாருக்கும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

நாணயங்களைப் பற்றி மேலும் பார்க்க ஆசை என்றால் கோட்டை சத்தாம் (Chatham) வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது.

வெளிநாட்டுக் குத்திகளைப் பணமாற்று நிலையங்கள் பொதுவாக எடுப்பதில்லை, அவர்களுக்குத் தாள்தான் வேண்டும். இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ அடுத்து யார் போகிறார்கள் என்று சொந்தக்காரரிடம் கேட்டு, ஒரு உறையில் போட்டுக் கொடுத்து விடுங்கள், விமான நிலையத்தில் தேத்தண்ணிக்காவது உதவும்.

இனிச் சேராமல் இருக்க

வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கிண்ணம், அவ்வளவுதான். வெளியே போகிறவர் அதில் இருந்து எடுப்பார், வருகிறவர் அதில் போடுவார். கிண்ணம் நிரம்பினால் அந்த வாரமே ஒரு நூறு ரூபாக் கட்டு. மூடியுள்ள போத்தலோ, உடைத்தால்தான் காசு வரும் மண் உண்டியலோ வேண்டாம், மூடி இருந்தால் காசு உள்ளே போகுமே தவிர வெளியே வராது.