கால் நகச் சொத்தை: வீட்டு வைத்தியம் எங்கே தவறிப்போகிறது

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவு முடிந்து கரையேறினால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வார்கள். தோலுக்கு அது இதமாக இருக்கலாம். அதே மருதாணியைச் சொத்தை விழுந்த கட்டைவிரல் நகத்துக்கும் அப்புவதுதான் முதல் தவறு. சிவப்பு ஏறியதும் நகத்தின் மஞ்சள் மறைந்துவிடும். குணமானது போலவே தெரியும். நிறத்தைப் பார்த்து நோயைக் கணிக்க வேண்டிய டாக்டருக்கும் ஒன்றும் புலப்படாது.

சொத்தைக்குக் காரணமான பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் மேலே இருப்பதில்லை. நுனி வழியாகவோ ஓரத்து வழியாகவோ நுழைந்து, நகத்துக்கு அடியில் உள்ள சதையில் தங்கி, வேரை நோக்கி மெல்ல நகர்கிறது. நகத்தை ஓரத்தில் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் மாவு போல உதிரும் அழுக்கு தெரியும். அதன் இருப்பிடம் அங்கேதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வினிகரும் ஆய்வகத் தட்டில் பூஞ்சையை அடக்கலாம். கெட்டியான நகத்தைத் தாண்டி அடிவரை போதுமான அளவு போய்ச் சேர்வதுதான் நடப்பதில்லை. மூக்கடைப்புத் தைலத்தை வைத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 18 பேர் 48 வாரம் பூசினார்கள். முழுக் குணம் கண்டவர்கள் 5 பேர். தைலம் பூசாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. இதை நம்பி ஒரு வருடத்தைக் கடத்துவது வீண்.

பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவது இன்னும் மோசம். சில மணி நேரத்திலேயே தோல் வெந்து கொப்புளம் போடும். சுண்ணாம்பும், தண்ணீர் கலக்காத வினிகரும் அப்படித்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடே உறைக்காது. வெந்நீரில் கால் வைத்து வெந்துபோய், புண்ணான பிறகுதான் கவனிப்பார்கள். அவர்கள் இந்தச் சோதனை எதிலும் இறங்கவே கூடாது.

நகம் கோணலாகிக் கெட்டியானால் அது பூஞ்சைதான் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படி வருகிறவற்றில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. சோரியாசிஸ் என்ற தோல் நோயாலும் வரும், செருப்பு இடித்து இடித்தும் வரும். நகத்தடியில் கருப்புக் கோடு புதிதாக விழுந்து அகலமானால் உடனே காட்டுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் பிரிவு இருக்கிறது. நகத்தடி அழுக்கைச் சுரண்டி எடுத்து, கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை மருந்து ஏதாவது பூசியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

உறுதியான பிறகு வழக்கமாகத் தருவது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். கல்லீரல் பரிசோதனை செய்யாமல் இதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நுனி மட்டும் கெட்டிருந்தால் அமோரோல்ஃபின் 5% பூச்சு, வாரம் ஒன்றிரண்டு முறை, மாதக்கணக்கில். கெட்டி நகத்தை இளக்க 40% யூரியா களிம்பு எழுதித் தருவார்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்துப் பூசாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் குளோபெட்டசால் கலந்த க்ரீமும் வேண்டாம். அந்த ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடும்.

நிறையப் பேர் பாதியில் விடுவது இந்தக் கட்டத்தில்தான். கால் நகம் மாதம் ஒன்றரை மி.மீ. அளவுதான் வளரும், கட்டைவிரல் நகம் முழுசாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். கெட்டுப்போன பகுதி தெளியாது, வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகும். அதனால் நுனியைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். அடியில் தெளிந்த நகம் முளைத்து மேலேறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சேற்றுப்புண்ணிலும் பூஞ்சை இருக்கலாம், அதை விட்டுவிட்டு நகத்தை மட்டும் கவனித்தால் தொற்று திரும்ப வரும். பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நகத்தை நேராக வெட்டி, துணுக்கைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நகவெட்டி என்பது ஆகாது. சொத்தை உள்ளவருக்குத் தனியாக ஒன்று, வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள். வேலைக்குப் போடும் ஷூவில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால், ஒன்று ஒருநாள் முழுக்க வெயிலில் காயும்.